கடைக்குச் சொந்தக்காரி

கின்னரி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. கணவனின் அண்ணன் மன்சுக்பாய்க்கு அவள் குரல் எப்படி இருக்கும் என்று இன்னும் தெரியாது.

லாஜ் என்று அதற்குப் பெயர். கணவனின் அண்ணன் கண்ணில் அவள் முகம் படக் கூடாது, காதில் குரல் விழக் கூடாது. அவர்கள் இருக்கிற வராச்சாப் பகுதியில் இப்போது பாதி வீடுகளில் இதை விட்டுவிட்டார்கள். மருமகள்கள் ஸ்கூட்டியில் பறக்கிறார்கள், மாமனாரோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார்கள். இந்த வீட்டில் விடவில்லை. மன்சுக்பாயின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டால் சேலைத் தலைப்பு மூக்குக்குக் கீழே இறங்க வேண்டும், வாய் மூட வேண்டும். ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் மாமியார் காதில் சொல்லலாம். மாமியாரை வீட்டில் எல்லோரும் பா என்றுதான் கூப்பிடுவார்கள். பா அதை மகனிடம் எடுத்துச் சொல்வாள், அதுவும் மனசு வந்தால்.

இந்தக் குரலைத்தான் நாக்பூரிலும் ஜபல்பூரிலும் கோலாப்பூரிலும் பெண்கள் காத்திருந்து கேட்டார்கள்.

கின்னரி பி.காம். படித்தவள். அவள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா கதார்காமில் எம்பிராய்டரி மிஷின் ஓட்டுகிறவர். பட்டமளிப்பு அங்கியில் அவள் நின்ற படத்தை மிஷினுக்கு மேலே ஒட்டிவைத்திருந்தார். கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பட்டத்தையும் ஒரு சீர் போலத்தான் விசாரித்தார்கள். வந்த பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலைக்குப் போகட்டுமா என்று கணவன் துஷாரிடம் கேட்டதற்கு, அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆகவே அவள் போனில் ஆரம்பித்தாள். ரிங் ரோடு ஜவுளி மார்க்கெட் வியாபாரிகள் புடவைப் படங்களை அனுப்புவார்கள். அதை அவள் தனக்குத் தெரிந்த பெண்களுக்கு அனுப்புவாள். ஆர்டர் வந்தால் வியாபாரிக்குச் சொல்வாள், அவர் பார்சலை நேராக வாங்குகிறவர் வீட்டுக்கே அனுப்பிவிடுவார். புடவையை இவள் கையால் தொடுவதுகூட இல்லை. இதற்கு டிராப்ஷிப்பிங் என்று நீட்டமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சரக்கு கிடையாது, கிடங்கு கிடையாது, இருப்பதெல்லாம் பேச்சு.

அந்தப் பேச்சுதான் அவளிடம் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே தன் குரலைப் பதிந்து அனுப்புவாள். "போட்டோல பளபளன்னு இருக்கு, நம்பாதீங்க. ஒரு தோய்ப்புக்கு அப்புறம் சுருங்கும். நாத்தனாருக்கு எடுத்துக் குடுக்கிறதுன்னா தாராளமா வாங்குங்க." இப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று வியாபாரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வாங்கினார்கள். நாத்தனாருக்கு ஒன்று, தனக்கு வேறொன்று என்று வாங்கினார்கள்.

இதெல்லாம் மன்சுக்பாய்க்குத் தெரிந்தது மார்க்கெட்டில்தான். யாரோ ஒரு வியாபாரி அவரை நிறுத்தி, உங்க வீட்டு கின்னரிபென் நல்லா ஓட்டுறாங்களே, கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றாராம். மன்சுக்பாய்க்குப் புணா சாலையில் எம்பிராய்டரி மிஷின்கள் இருந்தன, பாதி சும்மா கிடந்தன. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டுக்கும் தொழிலுக்கும் அவர் ஒருவரே தலை. வீட்டுக்கு வந்தவர் கோபப்படவில்லை. அதைவிட மோசமாக, சந்தோஷப்பட்டார். இதை ஒழுங்கான கம்பெனியாக்கிவிடலாம் என்றார்.

தீபாவளிக்குப் பிந்திய லாப் பஞ்சமி அன்று, ஊரெல்லாம் கடை திறக்கிற முகூர்த்தத்தில், 'கின்னரி கிரியேஷன்' என்று பூசை போட்டார்கள். வரிப் பதிவு அவள் பேரில். பெண் பேரில் இருந்தால் லக்ஷ்மி தங்குவாள் என்று பா சொன்னாள். மன்சுக்பாயின் சொந்தப் பேரில் பழைய வரி நோட்டீஸ் ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததைப் பற்றி லக்ஷ்மி உட்பட யாரும் பேசவில்லை. ஆதாரைக் கேட்டார்கள், கொடுத்தாள். இங்கே கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டாள். முகத்திரைக்குள்ளிருந்து பார்த்தால் காகிதம் சிவப்பாகத் தெரிகிறது.

அடுத்தது, இணையத்தில் கடையை எந்தத் தளத்தில் வைப்பது என்ற கேள்வி. அந்தக் கேள்வியைக் கின்னரி மட்டும்தான் படித்திருந்தாள். சமையலுக்கு நடுவே, துணி உலர்த்துவதற்கு நடுவே, ஒவ்வொரு தளத்தின் நிபந்தனைகளையும் கடைசி வரி வரை வாசித்திருந்தாள். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று 'சஸ்தா சௌக்'. அதற்குக் கட்டணமே இல்லை. கடையை அவர்களே கட்டித் தருவார்கள், கூட்டத்தையும் அவர்களே கொண்டுவருவார்கள். ஆனால் கடையின் முகவரி அவர்களுடையது, வாங்குகிறவர்களின் பேரும் நம்பரும் அவர்களுடையது. இன்னொன்று 'நிஜ்ஸ்டோர்'. மாதாமாதம் காசு கேட்கும், கூட்டத்தை நாம்தான் சேர்க்க வேண்டும். ஆனால் பிடிக்கவில்லை என்றால் அத்தனை வாடிக்கையாளர்களையும் அழைத்துக்கொண்டு வேறு தளத்துக்குப் போய்விடலாம். இடம் பார்க்கிற மற்றவர்கள் உள்ளே வருகிற வாசலைப் பார்ப்பார்கள். கின்னரி வெளியே போகிற வாசல் இருக்கிறதா என்று பார்த்தாள். அப்படி வாசல் இல்லாத வீடு ஏற்கெனவே இருக்கிற ஒன்றே போதும் என்று அவளுக்கு இருந்தது.

சஸ்தா சௌக்கின் ஆள் தர்ஷித் என்று ஒருவன் வீட்டுக்கே வந்தான். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், வாயில் தேன். மன்சுக்பாயும் துஷாரும் சோபாவில். கின்னரி சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம், தேநீரோடு. பா நடுவில், அஞ்சல்காரி.

"பா, அவன்கிட்ட இதை மட்டும் கேளுங்க. நாளைக்கு நாம வேற இடத்துக்குப் போனா, வாங்குறவங்க நம்பர் எல்லாம் நம்ம கைக்கு வருமான்னு."

பா கூடத்துக்குப் போனாள். கின்னரி காதைச் சுவரில் வைத்தாள்.

"வஹு கேக்கிறா," என்றாள் பா. மருமகளை அப்படித்தான் சொல்வாள். "டீக்குச் சக்கரை போதுமான்னு."

போதும் மாஜி, பிரமாதம் என்றான் தர்ஷித்.

பா திரும்பி வந்தபோது கின்னரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பா கையை உருவிக்கொண்டு, கடை வைக்கிற நாளில் கடையைக் காலி பண்ணுகிற பேச்சைப் பேசினால் மன்சுக்குக்குக் கோபம் வரும், அவனுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்றாள். கின்னரிக்கும்தான் அழுத்தம் இருந்தது. அதை அளக்கிற கருவியை இன்னும் யாரும் செய்யவில்லை.

கூடத்தில் தர்ஷித் தன் கடைசிச் சரக்கை எடுத்தான். எல்லாத் தகவலும் ஒரே நம்பருக்குத்தான் வரும், முதலாளியின் நம்பருக்கு. முதலாளி எங்கிருந்தாலும் கடை அவர் சட்டைப்பையில் இருக்கும். மன்சுக்பாய் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தன் நம்பரைச் சொன்னார்.

அன்று மாலை துஷார், மனைவி முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றிக்கொண்டே, புதுக் கடையின் இணைப்பை அவளுடைய பெண்களுக்கெல்லாம் அனுப்பிவிடச் சொன்னான். அவன் வைரப் பட்டறையில் வேலை பார்க்கிறவன். மயிரிழை அளவு கீறலைக்கூடக் கண்டுபிடிக்கிற கண், வீட்டுக்குள் வந்தால் எதையும் பார்க்காது.

"அனுப்பினா அவங்க எல்லாரும் சஸ்தா சௌக்கோட ஆளுங்க ஆயிடுவாங்க. அப்புறம் எனக்குக் கிடைக்க மாட்டாங்க," என்றாள்.

"உனக்கு, எனக்குன்னு ஏன் பிரிக்கிறே? உன் பேர்லதானே கடை."

அனுப்பினாள். அனுப்பாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல முறை நினைத்தாள். அனுப்பாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும்.

பெண்கள் நம்பி வந்தார்கள். வந்த வேகத்தில் அவர்களுடைய நம்பர்கள் நட்சத்திரக் குறிகளாக மாறின. கோலாப்பூரில் முதலிலிருந்தே அவளிடம் வாங்கிவந்த சுனந்தா தாயி சஸ்தா சௌக்கின் திரையில் வெறும் 'எஸ்' ஆனாள், அவள் நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மிச்சம். கின்னரியின் பழைய நம்பரையும் மன்சுக்பாய், கம்பெனிக்கு ஒரே நம்பர் போதும் என்று, அதிலிருந்த பேர்களோடு துண்டிக்கச் சொல்லிவிட்டார். வீட்டு உபயோகத்துக்கு அவளுக்கு ஒரு புது சிம் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் பா, துஷார், அப்பா, காய்கறிக்காரன்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. பாதிப் பேர் பார்சல் கைக்கு வந்த பிறகுதான் காசு கொடுப்பார்கள். அதனால் அனுப்புவதற்கு முன் ஒரு முறை கூப்பிட்டு, நீங்கள்தானே கேட்டீர்கள், அனுப்பட்டுமா என்று உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கொண்டுபோன பார்சல் வாசலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பும். முன்பு கின்னரி கூப்பிடுவாள். இப்போது மன்சுக்பாய் கூப்பிட்டார். எம்பிராய்டரி மிஷின் இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை. பகல் நேரத்தில் ஒரு வீட்டுப் பெண் போனை எடுத்தால், முன்பின் தெரியாத ஆண் குரல், "ஏய், புடவை வேணுமா வேணாமா?" என்று கேட்டது. அவர்கள் வைத்துவிட்டார்கள். சிலர் கணவனிடம் கொடுத்தார்கள். ஒரு கணவன் மன்சுக்பாயின் தாயை இழுத்துத் திட்டினான்.

புடவைகள் திரும்பி வர ஆரம்பித்தன. எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று வியாபாரிகள் கைவிரித்ததால் வீட்டுக்கே வந்தன. கூடம் நிரம்பியதும் பாவின் அறையில் அடுக்கினார்கள். பாவின் கட்டிலைச் சுற்றி மார்பளவுக்குப் பழுப்புப் பொட்டலங்கள். நடுவில் ஒரு சந்து. கழிப்பறைக்குப் போக பா பக்கவாட்டில் நடக்கப் பழகினாள்.

அப்போதுதான் மன்சுக்பாய்க்கு ஒரு யோசனை வந்தது. வஹுவே கூப்பிடட்டும். ஆனால் அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் குரல் கேட்கக் கூடாதே. ஆகவே உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டுப் பேசட்டும். லாஜும் கெடாது, வியாபாரமும் கெடாது. கின்னரி அப்படியே பேசினாள். சஸ்தா சௌக் தன் வழியாகத்தான் அழைப்பை இணைக்கும், இரண்டு நிமிஷத்தில் வெட்டிவிடும். யார் பேசுகிறார்கள் என்று மறுமுனை புரிந்துகொள்வதற்குள் முடிந்துவிடும். சுனந்தா தாயி மட்டும் ஒரு முறை கண்டுபிடித்தாள். "கின்னரிபென்னா? ஏம்மா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு?" என்றாள். பதில் சொல்வதற்குள் வெட்டிவிட்டது.

திரும்பி வருவது குறையவில்லை. கின்னரி துஷாரிடம் ஒரே வாக்கியத்தைத் தினமும் சொன்னாள். நிஜ்ஸ்டோருக்கு மாறினால் நம்பர்கள் தெரியும், நம்பர்கள் தெரிந்தால் பார்சல் திரும்பாது. காலையில் சொன்னாள், சாப்பாட்டின்போது சொன்னாள். துஷார் அதை அண்ணனிடம் தன் யோசனையாகச் சொன்னான். அண்ணன் அதை இரண்டு நாள் கழித்து எல்லோரிடமும் தன் யோசனையாகச் சொன்னார். பழைய வாடிக்கைக்காரர்களில் எத்தனை பேர் கிடைப்பார்களோ, கிடைக்கிறவர்களோடு மறுபடி தொடங்கலாம் என்றார். ஆனால் முதலாளி நம்பர் தன்னுடையதாகவே இருக்கும் என்றும் சொன்னார்.

நிஜ்ஸ்டோரில் ஒரு விதி இருந்தது. வரிப் பதிவு யார் பேரில் இருக்கிறதோ அவர் வீடியோ அழைப்பில் முகம் காட்டி, வாயால் பேசி, இன்னார்தான் நான் என்று உறுதி சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கடை திறக்கும்.

இதைத் துஷார் கூடத்தில் படித்துச் சொன்னான். முகம் காட்ட வேண்டும். பேச வேண்டும். அவள்தான். வேறு யாரும் முடியாது, ஏனென்றால் எல்லாக் காகிதத்திலும் அவளைத்தான் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள்.

"நான் இருக்கிற இடத்துல எப்படி?" என்று மன்சுக்பாய் சுவரைப் பார்த்துச் சொன்னார். வேறு எங்கேயும் பார்க்க முடியாமல்தான் சுவரைப் பார்த்தார். கடைசியில் அவரே பால்கனிக்குப் போய் நிற்பது என்று முடிவாயிற்று. துஷாருக்குப் பட்டறையில் விடுப்பு இல்லை. பா உள்ளே துணைக்கு இருப்பாள், நம்பரைச் சரியாகச் சொல்கிறாளா என்று கவனிப்பாள். பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே போன் நம்பர் மன்சுக்கினுடையது.

பாவின் அறைப் பால்கனிக் கதவு சாத்தப்பட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மன்சுக்பாயின் முதுகு. சொந்த வீட்டில், சொந்த வழக்கத்தால், அவர் வெளியே நின்றார். கின்னரி சேலைத் தலைப்பைப் பின்னுக்குத் தள்ளினாள். திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். இந்தியில் பேசினாள், அலுத்த குரல். அன்றைக்கு அவள் பார்த்த எத்தனையாவது முகமோ.

பேர் கேட்டாள். கின்னரி சொன்னாள். தன் பேரைத் தானே உரக்கச் சொல்லி எவ்வளவு நாள் ஆயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. கடை உங்களுடையதா என்று கேட்டாள். ஆமாம். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் பதிவு செய்கிறீர்களா என்று காகிதத்தைப் பார்த்து வாசித்தாள்.

கின்னரி கண்ணாடிக்கு அப்பால் இருந்த முதுகைப் பார்த்தாள். "ஆமா," என்றாள். அந்தக் கேள்விக்கு வேறென்ன பதில் சொன்னாலும் கடை திறக்காது.

"உரிமையாளர் மொபைல் நம்பர் சொல்லுங்க மேடம்."

பா பொட்டலங்களுக்கு நடுவில் கட்டிலில் உட்கார்ந்து நிமிர்ந்தாள். கின்னரி நம்பரைச் சொன்னாள். பா, துஷார், அப்பா, காய்கறிக்காரன் மட்டும் வைத்திருந்த அந்த நம்பரை. ஒவ்வொரு இலக்கமாக, அவசரப்படாமல், பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முதல் இலக்கத்திலேயே பாவுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள். பிறகு முழங்காலில் இடித்துக்கொண்டிருந்த பொட்டலத்தைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

"சீக்கிரம் முடி," என்றாள். "இதையெல்லாம் எடுத்துத் தொலைங்க. ராத்திரி திரும்பிப் படுக்கக்கூட இடம் இல்ல."

இதை அன்பு என்று கின்னரி எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு ஏமாளி இல்லை அவள்.

மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் ஓடியது. மன்சுக்பாயின் சட்டைப்பை ஒரு முறைகூட அதிரவில்லை என்பது நான்காம் நாள்தான் அவருக்கு உறைத்தது. துஷார் வந்து போனைக் கேட்டான். அவள் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் கடையிலிருந்தும் மெயிலிலிருந்தும் வெளியேறிவிட்டுக் கொடுத்தாள். இனி திறக்க வேண்டுமானால் கடவுச்சொல் வேண்டும், அது அவள் தலைக்குள். பிறகு போனுக்கு வருகிற ஓடிபி வேண்டும், அது இப்போது மன்சுக்பாய் கைக்குள்.

"என் மானத்தை வாங்கிட்டே," என்றான் துஷார். "அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நான் முழிக்கிறதே இல்லையே. பழகிடும்."

ஒரு நாள் முழுக்கக் கடை பூட்டிக் கிடந்தது. உள்ளே ஆர்டர்கள் வந்து விழுந்துகொண்டிருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும், யாராலும் எடுக்க முடியாது. கடவுச்சொல்லைச் சொல்லச் சொல்லி பாவை அனுப்பினார்கள். சொல்ல மாட்டேன், வேண்டுமானால் நானே அடிக்கிறேன் என்றாள். சரி என்று மடிக்கணினியை உள்ளறைக்கு அனுப்பினார்கள். அவள் அடித்தாள். கூடத்தில் மன்சுக்பாயின் கையில் போன் டிங் என்றது. ஓடிபிக்கு அரை நிமிஷம்தான் ஆயுள்.

மன்சுக்பாய் பாவிடம் சொன்னார். பா எழுந்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டாள், சந்தில் பக்கவாட்டில் நடந்து வந்தாள். நான்கு, ஒன்பது, என்று தொடங்கி, அப்புறம் ஏழா ஒன்றா என்று கேட்கத் திரும்பிப் போனாள். காலாவதி. மறுபடி அடித்தாள், மறுபடி டிங். இந்தத் தடவை பா பாதி வழியில் அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்து அணைக்கப் போனாள். காலாவதி. இன்னொரு முறை தப்பாகப் போனால் ஒரு நாள் பூட்டிவிடுவேன் என்று திரை எச்சரித்தது. அதை பாவிடம் சொன்னாள் கின்னரி. பா கூடத்தில் போய்ச் சொன்னாள்.

பிறகு செருப்பில்லாத கால்கள் நடந்து வந்து உள்ளறைக் கதவுக்கு வெளியே நின்றன. அவள் மறுபடி அடித்தாள். டிங்.

"ரெண்டு," என்றார் மன்சுக்பாய். தொண்டையைச் செருமினார். "ரெண்டு, எட்டு, அஞ்சு…"

அவர் அவளிடம் முதன்முதலாகப் பேசிய வார்த்தைகள் இவைதான். கின்னரி விரலை விசைக்கு மேலேயே நிறுத்திக்கொண்டாள்.

"மோட்டா பாய்," என்றாள், பெரியண்ணா என்பது போல. முகத்திரைக்குள்ளிருந்துதான், ஆனால் மின்விசிறியை மீறிக் கேட்கிற மாதிரி. "போனை இங்க குடுத்துடுங்க. தினமும் நீங்க இப்படி வந்து நிக்க முடியாது. எனக்கும் முடியாது."

வெளியே போன் தரையில் வைக்கப்பட்டு, நிலைப்படிக்கு இந்தப் பக்கமாக நகர்த்தப்பட்டது. அவர் போய்விட்டார். கின்னரி போனை எடுத்தாள்; ஓடிபிக்கு இன்னும் சில நொடி மிச்சம் இருந்தது. அடித்தாள். கடை திறந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தது ஒரு வாரம் இருக்கும்.

மன்சுக்பாய் அதன் பிறகு சத்தம் போடவே இல்லை. ஆள் வைத்து உள்ளறைக்கு வெள்ளையடித்தார். சுழல் நாற்காலி ஒன்று வந்தது, மேசை வந்தது, ஏசி வந்தது. இருந்த ஒரே ஜன்னலில்தான் ஏசியைப் பொருத்த முடியும் என்று மெக்கானிக் சொன்னான். பொருத்தினார்கள். வருகிற உறவுக்காரர்களிடம் மன்சுக்பாய் அந்தக் கதவைக் காட்டி, எங்க வஹுவோட ஆபீஸ் என்று பெருமையாகச் சொன்னார். இப்போது அவர் அவளிடம் நேராகவே பேசினார். கதவைத் தட்டி, இன்னிக்கு எத்தனை என்று கேட்பார். அவள் சொல்வாள். சமையலுக்கு ஆள் போட்டாயிற்று. காய்கறிக்காரனைக்கூட இப்போது வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள்.

தை பிறக்கிற உத்தராயணத்துக்குப் பட்டம் விட அப்பா கூப்பிட்டார். கதார்காமுக்கு ஆட்டோவில் போனால் அரை மணி. போய் எத்தனையோ மாதம் ஆயிற்று. அன்று மாலை கதவு தட்டப்பட்டதும் அவளே முந்திக்கொண்டாள்.

"மோட்டா பாய், ரெண்டு நாள் அப்பா வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

மன்சுக்பாய் கோபப்படவில்லை. ஒரு நல்ல முதலாளி இன்னொரு முதலாளியிடம் பேசுவது போலத்தான் பேசினார்.

"பேட்டா, பண்டிகை சீசன். நம்பர் உன்னுது, கடவுச்சொல் உன்னுது, உன் குரல் கேட்டாத்தான் அவங்க வாங்குறாங்க. கடைக்குச் சொந்தக்காரி நீ. நீயே கடையை விட்டுட்டுப் போனா எப்படி?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மேசைமேல் போன் அடித்தது. குவாலியரிலிருந்து யாரோ ஒருத்தி, கல்யாணத்துக்கு ஆறு புடவை வேண்டும், நேரம் இல்லை என்றாள். கின்னரி பேசத் தொடங்கினாள். வெளியே மன்சுக்பாய், ஏசி குளிர் வீணாகாமல் இருக்கக் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.